விரலுக்கு விலை எழுதிய சட்டம்

 இது நீளமான பதிவு. ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். போன வாரம் நம் குரூப்பில் ஒருவர், "வேலையில் கை போனால் கவர்ன்மெண்ட் என்ன சார் தரும்?" என்று கேட்டிருந்தார். அதற்கு ஒரு வரியில் பதில் போடலாம். ஆனால் நான் வரலாறு நடத்தியவன். ஒரு வரிப் பதிலுக்குப் பின்னால் நூறு வருடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நம்ம பக்கத்தில் யாரும் 'தீப்பெட்டித் தொழிற்சாலை' என்று சொல்வது கிடையாது. 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். கட்டை அடுக்கப் போகிறவளும் "ஆபீசுக்குப் போறேன்" என்றுதான் சொல்வாள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அது சிரிப்பாகப் பட்டதில்லை. மானாவாரிக் கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் போட்டு, ஐப்பசி மழையை நம்பி, அது பொய்த்தால் வெடித்துக் கிடக்கும் நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த குடும்பங்களுக்கு வாரக்கூலி என்று முதன்முதலில் கையில் கொடுத்தது அந்த ஆபீஸ்தான். வெயிலும் காய்ந்த காற்றும் விவசாயத்துக்குச் சாபம், தீக்குச்சி காய்வதற்கு வரம்.

தொழில் இங்கே வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1922-ல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. அங்கிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று பரவியது. ஸ்வீடன் கம்பெனியின் விம்கோ இந்தியாவில் ஆரம்பித்ததும் அதே 1923-தான். அவர்களுடையது பெரிய இயந்திரத் தொழில், நம்முடையது கைத்தொழில்.

அதே 1923-ல் டெல்லியில் இன்னொன்றும் நடந்தது. மார்ச் மாதம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. தீப்பெட்டியும் இந்தச் சட்டமும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். பள்ளியில் 1923 என்றால் சுயராஜ்யக் கட்சி என்றுதான் நான் நடத்தியிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது.

ஆனால் தீப்பெட்டிக்கும் உடல் ஊனத்துக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. அதைச் சொல்லாமல் மேலே போனால் கதை விளங்காது.

19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்தார்கள். எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும். அதன் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குப் பல்வலியில் ஆரம்பித்து, ஈறு புண்ணாகி, தாடை எலும்பே அழுகிப்போகும். உயிர் பிழைக்க வேண்டுமென்றால் தாடையை வெட்டி எடுக்க வேண்டும். 1888 ஜூலையில் லண்டனில் பிரையண்ட் அண்ட் மே கம்பெனியின் பெண்களும் சிறுமிகளும், சுமார் 1,400 பேர், வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அபராதப் பிடித்தம் அவர்களுடைய பெரிய குறை. சாப்பிடுவதற்குத் தனி அறை வேண்டும் என்பதும் இருந்தது. வேலை பார்க்கும் இடத்திலேயே சாப்பிட்டால் ரொட்டியோடு பாஸ்பரசும் வயிற்றுக்குப் போகும் அல்லவா? அந்தப் பெண்களுடைய நிலைமையைப் பத்திரிகையில் எழுதி ஊரறியச் செய்தவர் யார் தெரியுமா? அன்னி பெசன்ட். ஹோம் ரூல் பாடத்தில் நீங்கள் படித்த அதே அம்மையார்தான், பிற்காலத்தில் சென்னை அடையாறில் வாழ்ந்து அங்கேயே 1933-ல் மறைந்தவர்.

1906-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வெள்ளைப் பாஸ்பரசைத் தடைசெய்ய நாடுகள் உடன்படிக்கை செய்தன. இந்தியாவில் 1913-ல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் வந்தது. இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை மூன்றுக்கும் தடை. சிவகாசியில் முதல் குச்சி உரசப்படுவதற்குப் பத்து வருடம் முன்பே இந்தச் சட்டம் வந்துவிட்டது. நம் பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்புப் பாஸ்பரஸ், அது வேறு சரக்கு. தொழிலுக்கு முன்னால் சட்டம் வந்து நின்ற அபூர்வமான இடம் இது. நம்ம ஊர்ப் பெண்கள் முகங்கள் தப்பித்தன. இந்த ஒன்றில்தான் சட்டம் முந்திக்கொண்டது. மற்ற எல்லாவற்றிலும் அது நொண்டிக்கொண்டே பின்னால் வந்தது.

இனி 1923 சட்டத்துக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு தொழிலாளிக்குக் கை போனால், முதலாளியின் கவனக்குறைவால்தான் போனது என்று அவனே கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். கூட வேலை பார்த்தவன் செய்த தவறு என்றால் முதலாளிக்குப் பொறுப்பில்லை என்பது அந்தக் காலத்து ஆங்கிலேய நீதி. கை போனவன் வக்கீல் வைப்பானா, வயிற்றைப் பார்ப்பானா? ஜெர்மனியில் பிஸ்மார்க் 1884-ல் விபத்துக் காப்பீடு கொண்டுவந்தார். இங்கிலாந்து 1897-ல் இழப்பீட்டுச் சட்டம் போட்டது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: யார் தவறு என்று கேட்காதே, வேலையில், வேலையின் காரணமாக அடிபட்டானா, அதை மட்டும் பார். இந்தியச் சட்டமும் அந்தப் பாதையில் வந்தது. குடிபோதை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

இந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையை ஒருமுறையாவது படித்துப் பாருங்கள். ஒவ்வொரு உறுப்புக்கும் நேராக ஒரு சதவீதம் போட்டிருக்கும். எத்தனை பங்கு சம்பாதிக்கும் திறன் போயிற்று என்பதன் கணக்கு அது. இரண்டு கையும் போனால் 100. கட்டைவிரல் போனால் 30. ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50, மூன்று போனால் 30, இரண்டு போனால் 20. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கண்ணை இழந்து மற்றது நன்றாக இருந்தால் 40. முகம் மிக மோசமாக உருக்குலைந்தால் 100; கண்ணும் கையும் நன்றாக இருந்தாலும் 100. அந்த வரியை எழுதியவர் யாரோ, உலகத்தைத் தெரிந்தவர். வெந்த முகத்தோடு வேலை கேட்டுப் போனவர்களைக் கேட்டால் தெரியும்.

முதலில் படித்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது என்பது உண்மை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல மனுஷனை உறுப்பு உறுப்பாக விலை போடுவதா என்று தோன்றியது. பிறகு யோசித்தேன். அட்டவணை இல்லாத காலத்தில் விலையை யார் போட்டார்கள்? முதலாளியும், ஊர்ப் பெரியவர்களும். சுண்டுவிரலுக்கு ஒரு வாரக் கூலியும் ஆஸ்பத்திரிச் செலவும், ரொம்ப நல்ல மனது இருந்தால் பொங்கலுக்கு ஒரு சேலையும். அதைவிட 7 என்ற எண் மேல்.

அட்டவணை பிடிவாதமானதும் அல்ல. ஒரிசாவில் சினிமா தியேட்டரின் அலங்கார வேலையில் இருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே வெட்ட வேண்டி வந்தது. முதலாளி தரப்பு, 'ஒரு கை போனால் அட்டவணைப்படி இத்தனை சதவீதம்தான்' என்று வாதாடிப் பார்த்தது. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபதா என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு 100 சதவீத இழப்பு என்று சொன்னது. 1976-ஆம் வருடத்துத் தீர்ப்புத் தொகுதியில் இருக்கிறது. உறுப்பை மட்டும் பார்க்காதே, அந்த உறுப்பை வைத்து அந்த ஆள் என்ன வேலை செய்தான் என்று பார் என்பதே அதன் சாரம். இன்றுவரை வக்கீல்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

சட்டம் இப்படி இருக்க, கரிசல் காட்டில் என்ன நடந்தது?

தீப்பெட்டி ஆபீசில் பெரிய ஆபத்து மருந்து முக்கும் இடத்தில். பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த மருந்து. ஒரு சட்டம் நிறைய அடுக்கிய குச்சி பற்றினால் பக்கத்துச் சட்டத்துக்குத் தாவ எவ்வளவு நேரம் ஆகும்? வெந்த கை ஆறும்போது தோல் சுருங்கி இழுக்கும், விரல்கள் மடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஐந்து விரலும் இருக்கும். ஆனால் ஒரு குச்சியை எடுக்க முடியாது. அட்டவணையில் 'விரல் போதல்' உண்டு, 'விரல் ஒட்டிப்போதல்' இல்லை. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு இழப்பு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் மதிப்பிட வேண்டும். ஆகவே அந்த ஒரு சான்றிதழில் எல்லாம் அடங்கியிருக்கிறது. தீக்காயம் பட்டவர்கள் புண் ஆறியதும் டிஸ்சார்ஜ் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இழப்பு மதிப்பீடு என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஒரு கூரைக்குக் கீழே ஆயிரம் பேர் வேலை பார்க்கும் மில் தொழிலாளியின் நிலைமை வேறு. நம்ம ஊர் லட்சுமி மில், லாயல் மில் ஆட்களைக் கேளுங்கள். சங்கம் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு, இஎஸ்ஐ கார்டு உண்டு. இஎஸ்ஐ சட்டம் 1948-ல் வந்து, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. 1955-ல் கோயம்புத்தூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது. மில் ஊரில் முதலில் வந்தது தற்செயல் அல்ல. வேலையில் அடிபட்டுப் படுத்தால், குணமாகும்வரை தினக் கூலியில் 90 சதவீதம். நிரந்தர ஊனம் என்றால் இழப்புக்குத் தகுந்தபடி ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம். 1923 சட்டம் ஒரு மொத்தத் தொகையைக் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும்; இஎஸ்ஐ கடைசிவரை கூட வரும். மொத்தத் தொகை நம் வீடுகளில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பாதி கடனுக்கு, மீதி தங்கச்சி கல்யாணத்துக்கு.

தீப்பெட்டி ஆபீசுகளுக்கு இஎஸ்ஐ எட்டாததற்குக் காரணம் எளிது. மின்சாரம் இல்லாத இடம் என்றால் இருபது பேர் இருக்க வேண்டும் என்பது 2010 வரை விதி. கலால் வரிச் சலுகைக்காகவே சின்னச் சின்னதாகப் பிரிந்து கிடந்த தொழில் இது. இந்தப் பட்டறையில் பதினெட்டுப் பேர், அந்தப் பட்டறையில் பதினேழு பேர். பெட்டி ஒட்டுவது வீட்டுத் திண்ணையில். திண்ணைக்கு எந்த இன்ஸ்பெக்டர் வருவார்? 2010 திருத்தத்துக்குப் பிறகு மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்துப் பேர் போதும் என்று ஆனது.

இந்த இடத்தில் எம்.சி. மேத்தா வழக்கைச் சொல்ல வேண்டும். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கு என்றுதான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். 1996 டிசம்பர் தீர்ப்பு, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றதால் பிரபலமாகிவிட்டது. விடியுமுன்னே வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன தீப்பெட்டி ஆபீஸ் பஸ்களைப் பார்த்த தலைமுறை நாம். நம்ம கோவில்பட்டி எழுத்தாளர் பூமணி 'கருவேலம்பூக்கள்' என்று படமே எடுத்தார். ஆனால் அதே வழக்கில் சில வருடம் முந்திய தீர்ப்பு ஒன்று உண்டு. தீப்பெட்டி, பட்டாசு வேலையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், பெரியவர் சிறியவர் எல்லோருக்கும், 50,000 ரூபாய்க்குக் கட்டாயக் காப்பீடு வேண்டும், பிரீமியத்தை முதலாளியே கட்ட வேண்டும் என்று அது சொன்னது. அன்றைக்கு 50,000 பெரிய பணம். அந்தப் பாலிசிப் பேப்பரைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? என்னிடம் படித்தவர்களில் பட்டறை வைத்திருப்பவர்கள் இருபது பேராவது இருப்பீர்கள். நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆவதற்குப் பதினான்கு வருடம் பிடித்தது, 2021 டிசம்பர் வரை. சீன லைட்டர் வந்து பாதிச் சந்தையை அடித்தது. அட்டை, மெழுகு, மருந்து எல்லாம் ஏறிவிட்டது. உண்மைதான். ஆனால் அட்டை விலை ஏறினால் அட்டைக்காரனிடம் "அரை விலைக்குக் கொடு" என்று நீங்கள் கேட்பதில்லை. விரல் விஷயத்தில் மட்டும் பேரம் நடக்கிறது.

ஒரு பேரத்தை நேரில் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால், கழுகுமலைப் பக்கம். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பெண்ணின் மருமகள். முப்பது வயது. பத்துப் பேர் இல்லாத சின்னப் பட்டறை, இஎஸ்ஐ கிடையாது. குச்சி அடைக்கும் மிஷினில் வலது கை மாட்டி இரண்டு விரல் போயிற்று. பட்டறைக்காரர் கெட்டவர் அல்ல. அவரே காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், செலவும் செய்தார். பிறகு 50,000 ரூபாயும், இருபது ரூபாய் முத்திரைத் தாளும் கொண்டு வந்தார். 'இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்க. "சார், அவங்க நல்ல மனுசங்க, கையெழுத்துப் போட்டுரவா?" என்று மாமியார் எனக்குப் போன் போட்டாள்.

"தாளை வாங்கி வை தாயி, பேனாவைத் தொடாதே" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாதக் கூலி 10,000. அதில் 60 சதவீதம் 6,000. முப்பது வயதுக்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணை தரும் காரணி 207.98. பெருக்கினால் 12,47,880. அது முழு ஊனத்துக்கு. இரண்டு விரலுக்கு 20 சதவீதம், 2,49,576 ரூபாய். பட்டறைக்காரர் என் கையிலிருந்து தாளை வாங்கித் தன் போனில் மறுபடியும் பெருக்கிப் பார்த்தார். அதே விடைதான் வந்தது. "இது எங்க சார் எழுதியிருக்கு?" என்றார். கோபத்தில் அல்ல, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அவருக்கு இன்னொன்றும் எடுத்துச் சொன்னேன். இதைப் பட்டறைக்காரர்கள் கவனமாகப் படியுங்கள். இழப்பீட்டுத் தொகை பற்றித் தொழிலாளியோடு செய்யும் ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை அதிகாரிதான் அந்த ஆணையர். தொகை போதாது என்று பட்டால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். பதிவே செய்யாமல் விட்டால் முழுத் தொகைக்கும் முதலாளி பொறுப்பு. ஏற்கனவே கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் முடியாது, ஆணையர் வேறு மாதிரி உத்தரவு போட்டாலொழிய. அதாவது திண்ணையில் கொடுத்த 50,000-ல் 25,000 கணக்கிலேயே வராமல் போகலாம். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்ற தாளுக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது. நூறு வருடத்துக்கு முன்னால் இதை எழுதியவர்களுக்கு முத்திரைத் தாள் வரும் என்று தெரிந்திருக்கிறது!

பணம் ஆணையர் அலுவலகம் வழியாகக் கைக்கு வர பதினோரு மாதம் ஆயிற்று. அதற்குள் வீட்டில் இருந்த கம்மல் போய்விட்டது.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இத்தனை எழுத வேண்டியதில்லை. பணம் வந்தது, வேலை வரவில்லை. வலது கையில் மூன்று விரலோடு போன பெண்ணை எந்த ஆபீசிலும் மிஷினில் உட்கார வைக்கவில்லை. 'மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் ஏதாவது வேலை கிடைக்கும்' என்று யாரோ சொல்ல, அதற்கும் அலைந்தாள். 40 சதவீதம் இருந்தால்தான் இடஒதுக்கீடு, கடன், மற்ற சலுகைகள் எல்லாம். இரண்டு விரல் அதற்கு ரொம்பக் கீழே.

இங்கேதான் என் மனதை அரிக்கும் விஷயம் இருக்கிறது. நம் நாட்டில் ஊனத்தை அளக்க இரண்டு அளவுகோல் உண்டு. ஒன்று, எவ்வளவு சம்பாத்தியம் போயிற்று என்று அளப்பது, 1923 சட்டத்துடையது. மற்றது, உடம்பில் எவ்வளவு குறை என்று அளப்பது; மருத்துவச் சான்றிதழுடையது. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. பட்டாசு வெடித்து ஒரு கண் போன ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். இழப்பீட்டு அட்டவணைப்படி அவருக்கு 40. சான்றிதழ் வழிகாட்டு நெறிப்படி, மற்றக் கண் நன்றாக இருந்தால் 30. ஆகவே நஷ்டம் என்று வரும்போது அவர் ஊனமானவர். வேலை என்று வரும்போது ஊனமானவர் அல்ல. ஆனால் ஒற்றைக் கண்ணோடு போய் வேலை கேட்டால் மேஸ்திரி என்ன சொல்வார்? இரண்டு சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சந்தில்தான் நம் கரிசல் காட்டு ஆட்கள் பாதிப்பேர் நிற்கிறார்கள்.

வேலை கொடுக்கும் சட்டங்களின் வரலாறு தனி. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் கடைநிலைப் பணிகளில் 3 சதவீதம் என்று 1977-ல் ஓர் உத்தரவு வந்தது. 1995-ல்தான் சட்டம். 2016-ல் புதிய சட்டம் வந்து 4 சதவீதம் ஆனது. அங்கீகரிக்கப்பட்ட ஊன வகைகள் 21 ஆயின. 1995 சட்டத்தின் 47-ஆம் பிரிவு அருமையானது: பணியில் இருக்கும்போது ஊனமானால் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது, அந்த வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடு, அதுவும் இல்லையென்றால் உபரிப் பணியிடம் உருவாக்கு. குணால் சிங் என்ற காவலர் காலை இழந்து வெளியே அனுப்பப்பட்டபோது, 2003-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைச் சொல்லித்தான் அவர் பக்கம் நின்றது. புதிய சட்டத்திலும் இது தொடர்கிறது. ஆனால் இது அரசு நிறுவனங்களுக்கு. பட்டறைக்கு இல்லை.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இதில் முக்கியம். உரிமையியல் நீதிபதி பதவிக்கு, பார்வைக் குறை 40 முதல் 50 சதவீதம் வரை உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று இங்கே வரையறை வைத்தார்கள். 70 சதவீதக் குறை உள்ளவர் வழக்குப் போட்டார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. குறை 40-க்குக் கீழே போனாலும் வேலை இல்லை, 50-க்கு மேலே போனாலும் வேலை இல்லை! 2021-ல் விகாஷ் குமார் வழக்கில் அதே நீதிமன்றம், தகுந்த வசதி செய்து கொடுப்பது என்ற கொள்கையைப் பார்க்காத தீர்ப்பு அது என்று ஒதுக்கியது. 2025 மார்ச் 3-ல், பார்வையற்றவர் என்ற காரணத்துக்காக நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆறு வருடத்தில் இவ்வளவு தூரம்.

எல்லாவற்றையும் சட்டமே செய்ததாகவும் நினைக்க வேண்டாம். நம்ம திருநெல்வேலிச் சீமையில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்து வருடங்களிலேயே, பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் மிஷன் பெண்கள் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்தில் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தனக்குச் சிகிச்சை தந்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாகலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே ஊனமானவர் உதவி வாங்குபவராக மட்டும் இல்லாமல் வேலை கொடுப்பவராகவும் இருக்கிறார்.

நம் தீப்பெட்டி ஆபீசுகளுக்கும் ஒரு நல்ல பெயர் கொடுக்க வேண்டும். போலியோ தாக்கிய தலைமுறைப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு, எந்தச் சட்டமும் சொல்லாமலே வேலை கொடுத்தவை அவை. உட்கார்ந்து செய்யும் வேலை. கால் சூம்பியிருந்தாலும் கை ஓடினால் போதும். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் தவழ்ந்து வந்து உட்கார்ந்த பையன் லேபிள் ஒட்டி, தங்கச்சிகள் இரண்டு பேரைக் கட்டிக்கொடுத்தான். அவனை யாரும் 'மாற்றுத்திறனாளி' என்று கூப்பிட்டதில்லை, அந்தச் சொல் அரசு வழக்குக்கு வந்ததே 2010 வாக்கில்தான். கூப்பிட்ட பெயரை இங்கே எழுத வேண்டாம். ஆனால் வேலை இருந்தது. கால் போனவனுக்கு வேலை கொடுத்த அதே ஆபீஸ், தன்னிடம் கை போனவளுக்குக் கொடுக்க மறுக்கிறது. இதற்கு என்ன விளக்கம் என்று எனக்குப் பல நாள் யோசனை. கை போனவள் கண்முன்னால் உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் மிஷினைப் பார்த்துப் பயப்படுவார்கள் என்பதாக இருக்கலாம்.

எதுவுமே கிடைக்காதவர்களுக்கு மாநில அரசின் உதவித்தொகை. ஆதரவற்ற ஊனமுற்றோருக்கான ஓய்வூதியம் 1974-ல் இங்கே தொடங்கியது. 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1,500 ரூபாய். ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். நம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு இட்லியும் ஒரு வடையும் ஒரு டீயும்.

கடைசியாக ஒரு புதிய செய்தி. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 1923 சட்டமும் 1948 இஎஸ்ஐ சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டன. விரல் அட்டவணை அப்படியே பின்னால் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டு மாற்றம் நமக்கு முக்கியம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்புடையது என்று நிலைநாட்டப்பட்டால், வேலையில் நடந்ததாகவே கொள்ளப்படும். வேனில் இருபது பேரை அடைத்துக்கொண்டு விடியற்காலையில் பறக்கும் நம் பக்கத்துக்கு இது பெரிய விஷயம். இரண்டாவது, ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவித்தால் அங்கே ஒரே ஒரு ஆள் இருந்தாலும் இஎஸ்ஐ பொருந்தும். பதினெட்டு, பதினேழு என்று ஆளைப் பிரித்த பழைய கணக்கு அதன்பின் செல்லாது. தீப்பெட்டியும் பட்டாசும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் தொழிலாளர்கள் மட்டும் அல்ல. இஎஸ்ஐ இருந்தால் இழப்பீட்டைப் பட்டறைக்காரர் கைப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. கழுகுமலைக்காரர் இரண்டரை லட்சத்துக்குத் தோட்டத்தை அடகு வைத்தார். மாதாமாதம் சம்பளத்தில் 3.25 சதவீதம் கட்டியிருந்தால் தோட்டமும் தப்பியிருக்கும், அந்தப் பெண்ணுக்கு ஆயுள் முழுக்கப் பணமும் வந்திருக்கும்.

இதையெல்லாம் ஒரு சின்னப் புத்தகமாகத் தொகுக்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் அப்பா, ஆத்தா காலத்து மில் கார்டு, இஎஸ்ஐ புத்தகம், விபத்துக்குப் பிறகு எழுதிக்கொடுத்த தாள், லேபர் ஆபீஸ் நோட்டீஸ் எது கிடந்தாலும் போட்டோ எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். பெயரை மறைத்துவிட்டு அனுப்பினாலும் சரி. மதினிமார், சித்திமார் யாராவது கட்டை அடுக்கிய காலத்துக் கதை சொல்வதாக இருந்தால் நானே வருகிறேன். யாருக்காவது இப்போது அடிபட்டிருந்தால் வயது, மாதக் கூலி, எந்த விரல் என்று மூன்றை மட்டும் எழுதுங்கள். கணக்கை நான் போட்டு அனுப்புகிறேன். கூப்பிடுவதானால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதுவரை பேரனுக்குப் பாடம்.